வெந்நீர்க் குளத்தில் முதலில் இறங்க வேண்டியவர்

இந்த அவைக்குத் தலைமையேற்று, இந்த வெயிலையும் என்னையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! நரை கண்டும் நடை தளராத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! என்னம்மா, அணைக்கவில்லையா? அப்படியானால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

பாழடைந்து கிடந்த நம் வெந்நீர் ஊற்று விடுதி இன்று மீண்டும் திறக்கிறது. தலைவர்தாம் முதலில் குளத்தில் இறங்குவார் என்கிறது அழைப்பிதழ். அதில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நொந்தவரை நிமிர்த்திய ஊற்று! நோயோடு வந்தவரை நகைப்போடு அனுப்பிய ஊற்று! கந்தகம் கலந்து கமழ்ந்த ஊற்று! "கமழ்ந்ததா?" என்கிறார் முன்வரிசைப் பெரியவர். சரி ஐயா, நாறியது! அழுகிய முட்டையாய் நாறியது! ஆனாலும் கப்பலேறி வந்தார்கள், ரயிலேறி வந்தார்கள். தூக்கிவரப்பட்டவர்கள் கைவீசி நடந்து போனார்கள். பிறகு ஊசி வந்தது, மாத்திரை வந்தது, ஊற்றை உலகம் மறந்தது. குழாய் துருப்பிடித்தது, கூரை சரிந்தது.

வரலாறு அவ்வளவுதானா? வந்தவர்களை வழுக்கும் படியில் தாங்கிப் பிடித்தது யார்? அதோ, மூன்றாம் வரிசை ஓரத்தில் முழங்காலை நீவிக்கொண்டிருக்கிறாரே, என் அத்தை! கல்யாணமான மறுமாதம் வேலைக்கு வந்தவர், விடுதி கதவடைத்த நாள்வரை ஈரக்கல்லில் நின்றார். நின்று நின்றே மூட்டுத் தேய்ந்தார். மூட்டுக்கு மருந்தோ காலடியில் கொதித்தது. அவர் இறங்கலாமா? கூடாது! பணியாளர் குளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது விடுதியின் விதி. ஊரார் வலிக்கு ஒரு நீதி, உழைப்பவர் வலிக்கு ஒரு நீதியா?

ஒருநாள் குளிக்க வந்த சீமாட்டி ஒருவர் மனமிரங்கி, "யாரும் பாக்கல, நீயும் இறங்கேன்மா" என்றாராம். அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "இறங்கிட்டா ஏற மனசு வராதும்மா. வெளிய நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க." கேட்டபோது நான் சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன்.

அதோ, கையை ஆட்டுகிறார். "மானத்த வாங்காம இறங்குடா கீழ!" என்கிறார். அத்தை, இந்த ஒருமுறை உங்கள் சொல்லை மீறுகிறேன்.

தலைவர் அவர்களே! நகராளும் கால்கள் நாளை நனையட்டும், நமக்காகத் தேய்ந்த கால்கள் இன்று நனையட்டும்! முதல் இடத்தை விட்டுக்கொடுப்பீர்களா? என்ன, எழுந்தே விட்டீர்களா? அத்தையிடமே போகிறீர்களா?

அத்தை எழுந்துவிட்டார்! கைதட்டல் இருக்கட்டும் தாய்மார்களே, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், படி வழுக்கும். என் பேச்சு முடிந்தது. பொறுத்துக் கேட்டதற்கு நன்றி, அனைவருக்கும் வணக்கம்!