ஒரு செல்லுக்கு இருக்கும் பொறுப்பு

டீ நன்றாக இருக்கிறது ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் இப்படி டீ கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன்.

என் மைத்துனனுக்கும் டீ என்றால் உயிர். மனைவியின் ஒரே தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்து எங்கள் சோபாவில் வேர் விட்டவன். ஈரத்துண்டை என் நாற்காலியில்தான் போடுவான். அதற்காகவெல்லாம் ஒருவனைக் கொல்வார்களா? நான் படித்தவன்.

ஆய்வகத்தில் செல்களைக் காயப்படுத்துவதுதான் என் வேலை. ஒரு மருந்தை விட்டால் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழை அறுந்துபோகும். உடனே அங்குள்ள காவல் புரதங்கள் மோப்பம் பிடித்து மற்ற வேலைகளை நிறுத்தும். அறுந்ததை ஒட்ட ஆள் வரும். ஒட்டவே முடியாது என்றால் அந்தச் செல் தானே செத்துப்போகும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வேண்டாமே என்று. என்ன பண்பு பாருங்கள். காவல் புரதமே கெட்டுப்போன செல்தான் ஆபத்து. உள்ளே எல்லாம் அறுந்து கிடக்க, தனக்கு ஒன்றுமில்லை என்று அதுபாட்டுக்குப் பெருகும். புற்றுநோய் அப்படித்தான் வருகிறது.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது மைத்துனன் சிரித்தான்.

"அப்போ என்னை மாதிரி ரிப்பேர் ஆகாத கேஸ் என்ன மாமா பண்ணணும்?"

"தானா செத்துடணும்."

"அதுக்கும் நானேதான் எழுந்திரிக்கணுமா? நீங்களே பாத்து முடிச்சு விட்டுடுங்க மாமா."

மனைவியும் சிரித்தாள். எனக்கு அவன்மேல் முதன்முறையாகப் பாசம் வந்தது.

அந்த மருந்தை அவன் டீயில் கலந்தேன். ஒரேயடியாக இல்லை, நான் என்ன கொலைகாரனா? கொஞ்சம் கொடுப்பேன், உடம்பு பழுதுபார்க்க அவகாசம் விடுவேன். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். "மாமா போடுற டீ மட்டும்தான்கா தொண்டைல இறங்குது" என்று அக்காவிடம் சொன்னான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. தேறினால் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒருமுறை தேறவும் செய்தான். ஆனால் சோதனையைத் திரும்பச் செய்யாமல் முடிவு சொல்வது எங்கள் துறையில் பெரிய தவறு.

அவன் கடைசியாகக் குடித்த கோப்பையைக் கழுவாமல் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது என் மனைவி. வீட்டில் நல்ல காவல் புரதம் அவள்தான். பெருமையாகத்தான் இருக்கிறது.

என்னை நான் என்றாவது சோதித்துப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்க்காமலா? தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நிதானமாகப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை ஐயா.