நெஞ்சில் பிடித்த பூசணம்

“எம் மக நெஞ்சுக்குள்ள பூசணம் பிடிச்சிருச்சுக்கா.”

தொண்ணூறுகளில் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் கேட்டது. எனக்கு முன் சீட்டில், பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“உப்பு குறைஞ்ச ஊறுகாயிலதானட்டி பூசணம் பிடிக்கும்?” என்றாள் மூத்தவள்.

“இவளுக்கு வேர்வையே உப்புக் கரிக்கும்க்கா. சிஸ்டிக்னு என்னமோ பிறவி நோயி. நெஞ்சுல சளி பசையாட்டம் கட்டிக்கிடும். அதுலதான் பூசணமாம். மதுரையில டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாவ. மொத ஒரு மாசம் கேக்கவே இல்ல.”

“ஏனாம்?”

“எல்லாம் என்னாலதான். நல்ல மருந்துன்னா வெறும் வயித்துலதான குடுக்கணும்னு, விடிஞ்சதும் குடுத்துட்டேன். சாப்பாட்டோட குடுத்தாத்தான் அது உடம்புல சேருமாம். டாக்டர் கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாவ.”

“இப்ப?”

“சோறு தின்ன பொறவுதான் குடுக்கேன். ரெண்டு மாசத்துல இருமல் எம்புட்டோ குறைஞ்சிருச்சு. நேத்து வகுப்புல ஒரே கத்தலாம். டீச்சர் பெஞ்சு மேல ஏத்தி நிப்பாட்டிட்டாவ.”

“அதுக்கு ஏன்ட்டி சிரிக்கே?”

“கத்துததுக்கு மூச்சு இருக்குல்லாக்கா!”