கை எட்டாத உயரத்தில் ஒரு புகைக்குழாய்

தெருநலச் சங்கத்தின் தலைவராய், இந்தக் கூட்டத்தின் தலைமையாய் வீற்றிருக்கும் பாண்டுரங்கன் ஐயா அவர்களே! நான் என்ன பேசுவேனோ என்று நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை உரிமையாளர் டாக்டர் விருத்தாசலம் அவர்களே! பெரியோர்களே! என்னைப் பெறாமலே பெற்ற தாய்மார்களே! திண்டிவனத்துத் தோழர்களே! விழுப்புரத்துத் தேவாவின் வணக்கம்!

நான் ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் இன்ஜினியர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. யாரங்கே, "ஜல்தி முடிப்பா" என்பது? முடிக்கிறேன் அண்ணே, முதலில் தொடங்க விடுங்கள்!

விதி என்ன சொல்கிறது? ஜெனரேட்டரின் புகைக்குழாய் கூரையைத் தாண்டி நிற்க வேண்டும் என்கிறது. மருத்துவமனைக் குழாய் எங்கே நின்றது? பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி அக்காவின் மொட்டைமாடிக்கு நேராக நின்றது! காயவைத்த மல்லாட்டையில், அதான் வேர்க்கடலையில், கரி! துவைத்த துணியில் கரி!

"டாக்டர் சார், கொழாயத் தூக்கிக் கட்டுங்க. ஒரே பேஜாரா கீது" என்று அக்கா கேட்டார்.

"அவசரத்துக்கு ஓட்டுற மிசினும்மா. அதுக்கு இன்னா சட்டம்?" என்றார் டாக்டர்.

அக்கா நேரே மாடிக்குப் போனார். கோணியை நனைத்தார், குழாய்க்குள் திணித்தார், கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார்!

சிரிக்காதீர்கள். மறுநாள் புயல் வந்தது. மின்சாரம் போனது. உள்ளே, இதே தெருவின் கலையரசிக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, மூச்சுக்கருவியால் உயிர் பிடித்திருந்தது. புயலுக்காக அங்கேயே வந்து தங்கியிருந்த நானும் ஊழியர்களும் ஜெனரேட்டரை முடுக்கினோம், இருமியது, அணைந்தது. மறுபடி முடுக்கினோம், மறுபடி அணைந்தது. கருவியின் பேட்டரியோ இறங்கிக்கொண்டே போனது. கலையரசி எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் முறை முடுக்க ஓடினேன்.

கொட்டும் மழையில் ஒரு குரல்: "யப்பா தேவா! கொழாய்ல கோணி கீதுப்பா! நான்தான் அடைச்சேன்!"

கத்திக்கொண்டே மாடியேறிய அக்கா, கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்துக் கோணியை உருவி எறிந்தார். இயந்திரம் உறுமியது! விளக்கு எரிந்தது! பிள்ளை பிழைத்தான்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் ஒன்று கேட்கிறேன். கோணி வைத்தது தவறா? தவறுதான் அக்கா, முறைக்காதீர்கள்! கோணி வைக்கும்படி குழாயைத் தாழ்த்தி வைத்தது? அது அதைவிடத் தவறு டாக்டர்! விதியை மதித்திருந்தால், மாடிக்குப் புகையும் எட்டியிருக்காது. குழாய்க்குக் கையும் எட்டியிருக்காது! அவசரத்துக்கு எதிரி விதி அல்ல ஐயா, அலட்சியம்!

இன்று குழாய் கூரைக்கு மேலே. மாடியில் சூரியத் தகடு, கீழே பெரிய பேட்டரி. முதலில் அவை ஓடும். அவை ஓய்ந்தால்தான் டீசல். இதைச் செய்ய ஒரு புயலா வர வேண்டும்? போகட்டும், இப்போதாவது நிம்மதி!

நேற்று கலையரசி பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போனார். வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "அண்ணே, உள்ள இருக்கசொல்ல மிசின் காத்து. இனிமே எம்புள்ள இந்தத் தெருக் காத்தத்தான இழுக்கணும்?"

ஆமாம் தங்கச்சி! இழுக்கட்டும்! அச்சமின்றி இழுக்கட்டும்! அவனைக் காத்த மின்சாரமும் நமதே, அவன் இழுக்கும் காற்றும் நமதே! இரண்டையும் காப்போம் என்று சொல்லி, பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், தொட்டிலில் தூங்கும் அந்தச் சின்னவனுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!