கழற்றிய ஹீட்டர்

மாலை வகுப்பு முடிந்தும் மழை விடவில்லை. நாங்கள் ஐந்து பேர் மாடிப்படியின் கீழ் ஒடுங்கி நின்றோம். ஈதன்தான் ஆரம்பித்தான். அவனுடைய சித்தப்பா மகன் கெல்வினுக்கு நடந்ததாம். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன், எதையாவது விட்டிருக்கலாம்.

இரவு ஏழரை. செர்டாங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மண்சாலை. விளக்கே இல்லை. கெல்வின் மோட்டார் சைக்கிளில் தனியாக வருகிறான். பின்னால் அத்தை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கேஸ் தோங், சமையல் சிலிண்டர்.

அவன் குடியிருப்பது கடை வரிசையின் மேல்மாடி. அறைக்கு ஒரு குடும்பம். எல்லாருக்கும் ஒரே குளியலறை, ஒரே ஹீட்டர். அது எரிந்துபோய், பழுது பார்ப்பவர் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார். பொதுச் சமையலறையிலும் கேஸ் தீர்ந்தது. ஞாயிறு, கடை மூடல். மனைவி பிரிஜெட் பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருக்கிறாள். குறைமாதக் குழந்தை. உடம்பு சில்லிடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தோங் இடித்தது. டங்... டங்... பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. யாரோ பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்ட மாதிரி. வண்டியும் கனத்தது.

“திரும்பிப் பார்த்தானா?” என்று கேட்டேன்.

“நீ பார்ப்பியா?” என்றான் ஈதன்.

வீடு வந்து இறங்கியதும் கீழ்வீட்டுத் தேவகி அக்கா குழாயடியில் மறித்தார். “தம்பி, பச்சப்புள்ள இருக்கிற வீடு. காலக் கழுவிட்டு ஏறு லா!”

மேலே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“குளிருல கத்துது அக்கா... பொறவு கழுவுறேன்.”

தோங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சமையலறையில் தண்ணீர் வைத்தான். அது சூடேறும் முன்பே... குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். கதவிடுக்கில் ஆவி. நொச்சி இலை வெந்த வாசனை.

பக்கத்து அறைக் காளிதாசன் துண்டோடு வந்து கதவைத் தட்டினார். “ஹீட்டர் வந்திடுச்சா? உள்ள யாரு, எதிர் ரூம் ராஜாவா? எங்களுக்கும் மிச்சம் வை லா!”

மறுபடி தட்டிவிட்டுக் கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் போடவில்லை.

உள்ளே யாரும் இல்லை. ஹீட்டர் இருந்த இடத்தில் வெறும் சுவர். தரையில் மட்டும் ஆவி பறந்தது.

அப்போதுதான் கெல்வினுக்கு உறைத்தது... குழந்தை அழவில்லை.

அறைக்கு ஓடினான். பாயில் குழந்தை தூங்கியது. தலைமுடி ஈரம். உடம்பு கதகதவென்று இருந்தது. உள்ளங்காலில் கறுப்பாக ஒரு மைப்பொட்டு. சர்ச்சுக்குப் போகும் வீடு. பொட்டு வைக்க அங்கே யாருமில்லை.

பிரிஜெட் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“எங்கேருந்து கூட்டிட்டு வந்தீங்க அந்த ஆன்ட்டிய? நல்லா குளிப்பாட்டுறாங்க... நாளைக்கும் வரேன்னாங்க.”