மோட்டார் ஹெடரில் ஒரு வரி

— அழாத குறையா பேசாதீங்க, திருமலை. எத்தனை எர்ரர்?

— நாப்பத்தேழுங்க, அருணா மேடம். காலையில புரோகிராம் பில்டு நல்லா ஓடுச்சு. இப்ப பம்ப் ஃபைலு, டைமர்னா என்னான்னே தெரியாதுங்குது. நாளைக்குக் காலையில தண்ணி மோட்டாரை ஓட்டற லைப்ரரியைக் கஸ்டமருக்குக் குடுக்கணும்.

— இந்தா பாருங்க, நான் டீம் மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் தண்ணி மோட்டார் லைப்ரரின்னா எனக்குத்தான் போன் வருது. மூணு மாசமா இதே கதை.

— எழுதினது நீங்கதானங்க. போன மாசம்கூட ரெண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க.

— அங்க என்ன அவ்ளோ சத்தம்?

— பௌர்ணமிங்க. அடி அண்ணாமலையில நம்ம வீடு கிரிவலப் பாதை மேலயே இருக்குது. மதியத்துலேர்ந்தே ஜனம் நடக்குது. இருங்க, ஜன்னலைச் சாத்திட்டு வரேன்.

— வேணாம், தெறந்தே இருக்கட்டும். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஸ்கிரீனைக் காட்டுங்க. பம்ப் ஃபைலுக்கு மேல போங்க. டைமர் ஹெடர் ஃபைலைச் சேர்த்திருக்குதா?

— இல்லீங்க. மோட்டார் ஹெடர் மட்டும்தான் இருக்குது.

— அதான். மோட்டார் ஹெடர்ல ஒரு வரி இருந்துச்சு, அது கூடவே டைமரையும் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அதைச் சேர்த்த ஃபைலுக்கெல்லாம் டைமர் கேக்காமயே கெடைச்சுது. இப்ப யாரோ அந்த வரியை எடுத்துட்டாங்க. எல்லாம் வெறுங்கையோட நிக்குது.

— அப்ப அந்த வரியைத் திரும்பப் போட்டுடவா?

— போட்டா இன்னிக்கு ஓடும். ஆனா மொறை அது இல்ல. எந்த ஃபைலுக்கு எது வேணுமோ, அதை அந்த ஃபைலே நேரா சேர்த்துக்கணும். நடுவுல ஒருத்தரை நம்பி இருந்தா, அவர் போன அன்னிக்கே எல்லாம் போச்சு.

— இந்த வீட்டுலயும் அப்படித்தாங்க ஆச்சு.

— திருமலை? என்ன சொல்றீங்க?

— என் சம்சாரம் சந்திரகலா இருந்தப்ப, பௌர்ணமின்னா இந்த ஹால்ல கால் வைக்க எடம் இருக்காது. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து அவ அண்ணன் தசரதன், அண்ணி, பசங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு பதினஞ்சு பேர் வருவாங்க. குண்டான் நெறைய புளிசாதம் கெளறுவா. நான் சத்தம் ஜாஸ்தின்னு ரூம் கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பேன்.

— இப்ப வர்றதில்லையா?

— அவ போய் எட்டு மாசம் ஆச்சு. காரியத்தோட சரி. போன பௌர்ணமிக்கு ஜன்னல் வழியா பார்த்தேன். மச்சான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு இதே ரோட்டுல போறாரு. வாசல்ல நின்னாரு. வீட்டைப் பார்த்தாரு. அப்புறம் நடந்துட்டாரு.

— நீங்க கூப்பிடலையா?

— எப்பவும் அவதானங்க கூப்பிடுவா. நான் அவருகிட்ட நேரா நாலு வார்த்தை பேசினது கெடையாது. அவரு நம்பரே அவ போன்லதான் இருக்குது.

— சரி. ஹெடர் ஃபைலுங்கள்ல யார் யார் எப்ப கை வெச்சாங்கன்னு லிஸ்ட் இருக்குமே, அதைக் காட்டுங்க.

— அது எதுக்குங்க இப்ப?

— காட்டுங்க, திருமலை.

— இந்தாங்க.

— இன்னிக்கு மதியம் ரெண்டு மணி, மோட்டார் ஹெடர். வரியை எடுத்தது திருமலை.

— க்ளீன் பண்ணலாம்னு…

— போன பௌர்ணமிக்கு வால்வு ஹெடர். அதுவும் நீங்க. அதுக்கு முந்தின பௌர்ணமியும் நீங்க.

— மன்னிச்சுடுங்க மேடம். வாசல்ல இவ்ளோ ஜனம் போறப்ப உள்ள தனியா உக்காந்திருக்க முடியலீங்க. சும்மா பேசணும்னு கூப்பிட்டா தப்பா நெனைப்பீங்களோன்னு பயம். எர்ரர்னா போனை எடுத்துடுவீங்க.

— சந்திரகலா போன்ல சார்ஜ் இருக்குதா?

— தெனமும் போடறேங்க.

— அதுல தசரதன் நம்பரைப் பாருங்க. உங்க போன்லேர்ந்து கூப்பிடுங்க. இந்நேரம் பஸ் ஏறியிருப்பாரு.

— என்னான்னு சொல்றது?

— கதவு தெறந்திருக்குது மச்சான், உள்ள வாங்கன்னு. அவ்ளோதான்.

— சரிங்க. மூணு மாசமா உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்.

— இந்தா பாருங்க, மொத மாசமே ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு, வரியை எடுத்தது நீங்கதான்னு. அப்பவே சொல்லியிருந்தா நீங்க போனை வெச்சிருப்பீங்க. எனக்கும் இந்த வீட்டுல வேற சத்தம் கெடையாது.