மஞ்சள் விளக்கின் மரை

பனியில் வண்டி ஓட்டுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, பெரிய விளக்குகளைப் போடுவதுதான் ஐயா. வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரில் சுண்ணாம்பு அடித்த சுவர் நிற்பது போல இருக்கும். அதை அணைத்துவிட்டு, முன்னால் தாழ மாட்டிய மஞ்சள் விளக்கை மட்டும் போட வேண்டும். அது பாதையின் இடது ஓரத்தைக் காட்டும். அந்த ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஊர் போய்ச் சேரலாம்.

நாமகிரிப்பேட்டையில் பெரிய பண்ணையம் வைத்திருக்கிற ராசப்பப் பண்ணாடியின் வண்டியில் அந்த விளக்கை மாட்டியவன் நான். பெயர் செல்லமுத்து. பத்து வருடமாக அவருக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். மார்கழியில் போதமலையிலிருந்து இறங்குகிற பனி எட்டு மணி வரை கலையாது. சேலம் போகிறவர்கள் விடியலிலேயே கிளம்பியாக வேண்டும். மஞ்சள் விளக்கு எரியாவிட்டால் வண்டி கொட்டகையை விட்டு நகராது.

அது எரியாதபோது முதலில் பல்பைக் கழற்றி இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இழை நன்றாக இருந்தால், பேட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்து விளக்கில் தொடுவேன். எரிந்தால் கோளாறு வயரிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால் விளக்கின் காலுக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே துரு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, காலைப் பிடித்திருக்கிற திருகு மரையை முடுக்கினால் சரியாகிவிடும். இவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் இது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"செல்லமுத்து இல்லீனா இந்த வண்டி வெறுந் தகரந்தானுங்க" என்று பண்ணாடி விருந்தாளிகளிடம் சொல்வார். அதைக் கேட்ட பிறகு மூன்று நாள் நன்றாகத் தூங்குவேன். நான்காம் நாளிலிருந்து இருப்புக் கொள்ளாது. வண்டி ஒழுங்காக ஓடுகிற வாரங்களில் சோறு இறங்காது. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருவேன். "ஏனுங்க, காலுல சக்கரமா கட்டியிருக்குது, செத்த உக்காருங்களே" என்பாள் என் சம்சாரம் மாரக்காள்.

அதனால் விளக்கின் காலுக்கும் மரைக்கும் அடியில் காகிதத் துண்டுகளை நானே செருகி வைப்பேன். காலையில் விளக்கு எரியாது. என்னைக் கூப்பிடுவார்கள். போய் எரிய வைப்பேன். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பிறகு வசந்தாமணி வந்தது. பண்ணாடிக்கு ஒரே மகள். சேலத்தில் படித்த பிள்ளை. புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட, இருபத்திரண்டு வயதில் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தது. மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டாம் என்று பண்ணாடியே அதற்கு வண்டி கற்றுக்கொடுக்கச் சொன்னார். நானும் மனசாரத்தான் கற்றுக்கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் கை படிந்துவிட்டது. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தது.

ஒரு நாள் காலையில் நான் போவதற்குள் அதுவே மரையைக் கழற்றியிருந்தது. உள்ளங்கையில் காகிதத் துண்டுகள். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பேசியது.

"செல்லமுத்தண்ணா, இது தானா வந்து உக்காந்திருக்காதுங்களே."

நான் குனிந்து விளக்கின் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அப்பாகிட்டச் சொல்ல மாட்டேனுங்க. உங்களை வேண்டாமுன்னு இந்த ஊட்டுல யாருஞ் சொல்லலீங்க. இனிமே இப்படி வேண்டாமுங்கண்ணா."

அது காட்டிக்கொடுத்திருந்தால் நான் வேறு ஊர் பார்த்துப் போயிருப்பேன். காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து விளக்கை அதுவே துடைத்தது, அதுவே முடுக்கியது. "அம்மிணியே பாத்துக்குது. நீ ஓய்வா இரு சாமி" என்றார் பண்ணாடி. அன்பாகத்தான் சொன்னார். ஓய்வு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. உள்ளங்கை அரித்துக்கொண்டே இருக்கும். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போவேன்.

இந்த மார்கழியில் பண்ணாடியின் சம்சாரம், பண்ணாடிச்சி சௌந்திரம் அம்மாளுக்குக் கண்ணில் புரை எடுக்கச் சேலம் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது மரையைத் தளர்த்தி, விளக்கை இடது பக்கம் இரண்டு விரற்கடை திருப்பி, மறுபடி அரைகுறையாக முடுக்கினேன். விளக்கு எரியாவிட்டால் அம்மிணி சரிசெய்துவிடும். எரிகிற விளக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அது காட்டுகிற இடத்தைத்தான் ஓரம் என்று நம்பி ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள்.

பிறகு காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு சக்கரம் ரோட்டோர வாய்க்காலில் இறங்கும், என்னைத் தேடி ஆள் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வாய்க்காலுக்கு முன்னால் ஏரிக்கரை வரும். ரோடு கரைமேல்தான் போகிறது, ஏரி இடது பக்கம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியிருந்தது. பத்து வருடம் அந்த வழியில் ஓட்டியவனுக்கு இதெல்லாம் தெரியாதா?

விடியலில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வண்டி வந்தது. என் வீட்டு வாசலில் நின்றது. வசந்தாமணி இறங்கி, மூடி போட்ட ஒரு செம்பை நீட்டியது.

"சுக்குத்தண்ணிங்கண்ணா. சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சுப்போடுங்க. இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்லீங்க அம்மிணி."

"பனியில கண்ணே தெரியலீங்க. நல்லவேளை, மஞ்ச வெளக்கு நல்லா எரியுது. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுங்க."

அது திரும்பி வண்டியில் ஏறுவதற்குப் பத்து எட்டு இருக்கும். அந்தப் பத்து எட்டுக்குள் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பாத்துப் போங்க" என்றேன்.

எஞ்சின் சத்தம் ஒரே சீராகப் போனது. அப்புறம் கேட்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து சுக்குத்தண்ணியைக் குடித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கால் ஒரு இடத்தில் நின்றது.

எருமை ஓட்டி வந்த பொன்னன்தான் முதலில் பார்த்தவன். தண்ணீரில் குதித்து, பின்சீட்டிலிருந்த பண்ணாடிச்சியை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஓடி வந்தான். நான் போய் முங்கி, அச்சில் வடம் கட்டி, நாலு ஜோடி மாடு பூட்டி வண்டியைக் கரைக்கு ஏற்றினேன். அம்மிணியின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

"வெளக்கு நல்லாத்தானுங்க எரிஞ்சுது. எம்புள்ள அதும் பொறகாலயேதான் போச்சு" என்று பண்ணாடிச்சி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பண்ணாடி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் சந்தேகப்படவில்லை ஐயா. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நேற்று உங்கள் ரைட்டர் எழுதியதைச் சாவடியில் வாசித்துக் காட்டினார். விளக்கின் மரை தளர்ந்திருந்தது, டிரைவர் செல்லமுத்துவின் கவனக்குறைவே காரணம் என்று அதில் இருக்கிறது. இரவு முழுக்க அது என்னைப் படுக்க விடவில்லை. கொன்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். இந்தப் பத்து வருடத்தில் என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை.