ஜன்னலில் வைத்த கைப்பேசி

முப்பத்துமூன்று ஆண்டுகள் இப்பள்ளியின் படியேறி, இருபத்தோராண்டு அலுவலக அறையில் தட்டச்சராகவும், பன்னிரண்டாண்டு வகுப்பறையில் கணித ஆசிரியையாகவும் பணியாற்றி இன்று விடைபெறும் எங்கள் அன்பு அக்காவுக்கு, அகம் மகிழ்ந்தும் அதே அகம் கனத்தும் நாங்கள் படித்தளிக்கும் மடல்.

எண்ணுக்கு எழில் சேர்த்த ஏந்தலே! பிழை பொறுக்காத பெருமாட்டியே! கோணம் கற்பித்தும் கோணாத குணமே!

இதற்கு மேல் விளித்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். அந்த இருபத்தோராண்டில் இங்கே ஓய்வு பெற்ற அனைவருக்கும் படிக்கப்பட்ட மடல்களைத் தட்டச்சு செய்தவரே நீங்கள்தான். யார் போனாலும் அதே கலங்கரை விளக்கு, அதே அணையா தீபம். "பேரை மட்டும் மாத்திக் குடுங்க சார், மீதி என் விரலுக்கே தெரியும்" என்று நீங்கள் சொன்னது அலுவலக அறையில் இன்றும் பேச்சு. ஆகவே உங்களுக்கு விளக்கும் கிடையாது, தீபமும் கிடையாது. நடந்ததைச் சொல்லப் போகிறோம்.

சொல்லும் பொறுப்பு அறிவியல் ஆசிரியையான என்னிடம் வந்தது. பன்னிரண்டாண்டுகளுக்கு முன் இதே பள்ளிக்கு உங்களோடு பயிற்சி ஆசிரியையாக வந்தவள் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. உங்களுக்கு நாற்பத்தேழு. அஞ்சல் வழியில் பட்டம் படித்து, பயிற்சிக் கல்லூரியிலும் சேர்ந்து, நேற்றுவரை யாருடைய வினாத்தாளைத் தட்டச்சு செய்தீர்களோ அவர்கள் முன்பே சாக்பீஸ் பிடித்து நின்றீர்கள். அந்த ஆண்டு தவறினால் உங்களுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மறுமுறை என்ற பேச்சே இல்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகள், "நீ பெயிலானா சொல்லும்மா, நானும் ஒரு பேப்பர் விட்டுடறேன், சேர்ந்து அழலாம்" என்று சொல்லி அனுப்புவாராம். முன்வரிசையில் இருக்கிறார், மறுக்கட்டும் பார்ப்போம்!

அந்தத் தேர்ச்சிக்குக் கல்லூரி வைத்த கடைசிக் கட்டாயம் ஒரு பதிவு. திரையும் கணினியும் கொண்டு ஒரு பாடம் நடத்தி, நாற்பது நிமிடத்தையும் இடையில் வெட்டாமல் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்டது ஏழாம் வகுப்பு, முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல். முப்பத்தெட்டு ஸ்லைடுகள் தயாரித்தீர்கள். ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்று இருபத்தோராண்டு பழகிய விரல்கள் அல்லவா, பாடப்புத்தகம் முழுவதும் திரைக்கு ஏறியிருந்தது. உங்கள் கைப்பேசியைப் பின் ஜன்னலில், என் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்தது நான்தான்.

பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. ஸ்லைடு மாறும்போதெல்லாம் உங்கள் இடக்கை மட்டும், பழைய தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளுவதைப்போல, காற்றை ஒரு தள்ளுத் தள்ளியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணியடிக்கவும் முப்பத்தெட்டாவது ஸ்லைடு முடியவும் சரியாக இருந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

மாலையில் ஆசிரியர் அறையில் இருவரும் அந்தப் பதிவைப் பார்த்தோம். நாற்பது நிமிடத்தில் நீங்கள் வகுப்பைத் திரும்பிப் பார்த்தது நான்கே முறை; மற்ற நேரமெல்லாம் திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் பெஞ்சின் சுவரோரத்தில் ஒரு மாணவி கை தூக்கினாள், இறக்கினாள். மறுபடி தூக்கினாள். ஐந்து முறை. ஐந்தாவது முறை இறக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். நீங்கள் பதிவை நிறுத்தி, பின்னால் தள்ளி, அந்த ஐந்தாவது முறையை இரண்டு தடவை பார்த்தீர்கள். 

நான்தான் முதலில் வாய் திறந்தேன். "அக்கா, வேற எடுத்துடலாம். நாளைக்கு அதே பாடம். யார் எப்போ கை தூக்கணும், என்ன பதில் சொல்லணும்னு பசங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிடலாம். நான் அப்படித்தான் எடுத்தேன்."

இந்தப் பத்தியை வெட்டச் சொன்னார் தலைமையாசிரியர். மடலைப் போட்டுத் தரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது என்று காரணம் சொன்னார். பெரிய சட்டமாக வாங்குங்கள் சார் என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாததை நீங்களும் யாரிடமும் சொன்னதில்லை, அக்கா. இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய், "நேத்து என்னம்மா கேக்க வந்தே?" என்றீர்கள்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "முக்கோணம் பெருசானா கூட்டுத்தொகையும் பெருசாகுமா டீச்சர்?"

உங்கள் முப்பத்தெட்டு ஸ்லைடுகளில் அதற்கு இடமே இல்லை. அன்று ஒரே ஒரு ஸ்லைடு வைத்தீர்கள், ஒரே ஒரு முக்கோணம். புரொஜெக்டர் இருந்த மேசையைப் பிள்ளைகளோடு சேர்ந்து பின்னால் இழுத்தீர்கள். முக்கோணம் வளர்ந்து வளர்ந்து சுவரை நிறைத்தது. மரக் கோணமானியைக் கொண்டுபோய் அந்த மாணவியே ஒவ்வொரு முனையாக அளந்தாள். மேசையை முன்னால் தள்ளி, சின்னதாக்கி, மறுபடியும் அளந்தாள். "அப்படியேதான் இருக்கு டீச்சர்!" என்று அவள் கத்தியது தாழ்வாரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த வகுப்பைப் பதிவு செய்யவில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கல்லூரிக்கு நீங்கள் அனுப்பியது பழைய பதிவைத்தான். கூடவே ஒரு தாளில் இவ்வளவுதான் எழுதினீர்கள்: 'இவ்வகுப்பில் ஒரு மாணவி ஐந்து முறை கை தூக்கினாள். நான் பார்க்கவில்லை. மறுநாள் பாடம் அவள் கேள்வியில் தொடங்கியது.' உங்கள் வேலையே போய்விடுமே என்று நான் பதறினேன். "போனா பழைய நாற்காலி இருக்கு, ஆனா பொய்யா ஒரு வகுப்பு எடுக்க மாட்டேன்" என்றீர்கள். மூன்று வாரம் காத்திருந்தோம். தேர்ச்சிக்கு ஐம்பது மதிப்பெண். உங்களுக்கு ஐம்பத்தொன்று. எனக்கு எண்பத்தெட்டு. என் வாழ்நாளில் நான் வெட்கப்பட்ட மதிப்பெண் அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் முதல் வாரம் உங்கள் கைப்பேசி பின் ஜன்னலுக்கு ஏறியது. யாரும் கேட்காமலே உங்கள் வகுப்பைப் பதிந்து, யார் கை தூக்கி நீங்கள் பார்க்காமல் போனீர்கள் என்று நீங்களே எண்ணினீர்கள். பிள்ளைகள் 'ஜன்னல் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் கேலி செய்த நாங்கள் ஒவ்வொருவராக எங்கள் கைப்பேசிகளையும் ஜன்னலில் வைத்தோம். இப்போது பருவத் தொடக்கத்தில் எந்த வகுப்பின் பின் ஜன்னலிலும் ஒரு சாப்பாட்டு டப்பா நிற்கிறது. உத்தரவு போட்டு வந்த பழக்கமல்ல. உங்களைப் பார்த்து வந்தது.

கணக்கறிந்த கைகளே! கண் திறந்த கனிவே! உடல்நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், மகளோடு மனம்போல வாழ்ந்து நெடுங்காலம் நிறைவோடிருக்க வேண்டுகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. உள்ளே வந்ததுமே நீங்கள் பின் ஜன்னலைப் பார்த்தீர்கள், பழக்கம் விடுமா? அங்கே ஒன்றும் இல்லை. கைப்பேசியை இன்று மேடையோரம் வைத்திருக்கிறோம், எங்களைப் பார்த்து. இந்தப் பதிவில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்; தேடுவதற்குப் பிழையும் கிடைக்காது. உங்களால் வகுப்பைத் திரும்பிப் பார்க்கக் கற்றவர்கள் அனைவரும் இப்போது கை தூக்கப் போகிறோம். அவசரமில்லை, அக்கா. நீங்கள் கடைசி வரிசைவரை பார்த்து முடித்த பிறகுதான் இறக்குவோம்.

என்றும் அன்புடன்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்